இடுமருந்து எடுக்கப் போனவர்கள்

எனக்கு வயது எழுபது. ஏழு பிள்ளைகளைப் பெற்று, ஒன்றும் கெட்டுப்போகாமல் வளர்த்தவள். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் வந்த ரயிலில், எதிர்ப்பலகையில் இருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

“ஏனுங்க, எம்மருமவ சோத்துல மருந்து வெச்சு எம்மவனை மயக்கிப்போட்டாளுங்க. அதை எடுக்கத்தான் வைத்தியர்கிட்டக் கூட்டீட்டுப் போறமுங்க.”

மகன் கண்ணைத் துண்டால் மூடிச் சன்னலோரம் சாய்ந்திருந்தான். அவன்மேல் வெயில் படாமல் சீலைத் தலைப்பைப் பிடித்திருந்த மருமகள் மெல்லச் சொன்னாள்.

“கெணத்துல தண்ணி எறைக்கக் கவலை ஓட்டறப்போ வடம் அறுந்து உழுந்து, இவரு பின்மண்டை கல்லுல அடிச்சுதுங்க அத்தை. அன்னைலிருந்துதானுங்க தலைவலியும் கோவமும். வெளிச்சமும் சத்தமும் ஆகாதுன்னு டாக்டரு சொன்னாருங்களே.”

“காயம் எப்பவோ ஆறிப்போச்சு! பெத்தவ என்னையவே வெளிய போங்கறான். இவளை ஒரு சொல்லுச் சொல்றதில்லை. இருட்டு ஊட்டுக்குள்ள அவனை வெச்சுக் கதவைச் சாத்திக்கறாளுங்க. மருந்து வெளிய வரட்டும், இவளைப் பொறந்த ஊட்டுக்கே முடுக்கி உடறேன்.”

மருமகள் தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோற்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“அவ கையில வாங்காத சாமி!”

மகன் வாங்கித் தின்றான். “அவ சத்தம் போடாமக் குடுக்கறா, ஆத்தா. உன்ற சத்தந்தான் தலைக்குள்ள இடிக்குது.”

அம்மாள் பக்கத்தவள் காதருகே குனிந்தாள்.

“பாத்தீங்களா? அந்த மருந்து எப்படிப் பேச வெக்குது!”

நான் சொல்லச் சொல்ல என் சின்னப் பேத்தி எழுதியது இது; எழுத்துக் கோணலாய் இருக்கும். கண்ணு, எங்கே, எழுதினதை வாசித்துக் காட்டு.