இடது பின்கதவு

மாலை ஐந்தே முக்கால். மலையிலிருந்து இறங்கும் சாலை. பதினான்கு கிலோமீட்டருக்கு ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்தச் சாலையில் எண்பது வயதுக் கார் ஒன்றை ஒரு மனிதர் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறார்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. அந்த ஜன்னலை யாராவது சாத்திவிடுங்கள்.

ஓட்டி வந்தவர் என் நண்பனின் சித்தப்பா. நண்பனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அச்சகத்தில் வேலை செய்கிறானே, அவன்தான். சித்தப்பா பழைய கார் மெக்கானிக். அவரை எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். எதை எதோடு வேண்டுமானாலும் கம்பி வைத்துக் கட்டி ஓட வைத்துவிடுவார். புகைக்குழாய் விழுந்தால் கம்பி, பானட் மூடாவிட்டால் கம்பி. "எங்க வீட்டுக் கல்யாணத்தையும் இவர் கம்பி வெச்சுத்தான் கட்டியிருக்காரு, அதான் இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு" என்று சித்தியே சிரிப்பாள்.

அந்தக் கார் ஒரு பல் டாக்டருடையது. டாக்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். கிளினிக்கில் அக்காதான் கூட நின்று எடுத்துக் கொடுப்பார். அதனால் அவர் கையில், புடவையில், எப்போதும் கிராம்புத் தைல வாசனை இருக்கும். காரில் பின்சீட்டில்தான் உட்காருவார், இடது பக்கம். "முன்னாடி உட்கார்ந்து நீ ஓட்டுறத பார்த்தா எனக்கு உயிர் போயிரும்டா" என்பாராம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பழங்கார்க் கண்காட்சி வந்தது. காரின் இடது பின்கதவுக் கொண்டி தேய்ந்து போயிருந்தது. பழைய கொண்டி எங்கே கிடைக்கும்? அதே மாதிரி புதிதாகச் செய்து விற்கிறார்களே, அதில் ஒன்றை டாக்டர் தபாலில் வரவழைத்தார். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஆனால் பொருந்தவில்லை. திருகு ஓட்டைகள் வேறு இடத்தில். நாக்கு ஒரு நாணயத்தின் கனம் அளவுக்குக் குட்டை. அந்தக் காலத்துக் காருக்கு உள்ளே எலும்பெல்லாம் மரம். கொண்டி போய் மாட்டுகிற தகட்டைத் தாங்கும் மரத்தூண், உள்ளே உளுத்துப் போயிருந்தது. திருகு பிடிக்கவே இல்லை.

தூணை மாற்ற வேண்டும். மூன்று வார வேலை. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை.

சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? எண்ணெய் டின்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மடித்துத் தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். ஓட்டைக்கு ஒன்றாக நான்கு தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகி, அதன் மேல் திருகை ஏற்றினார். கதவு மூடியது.

அந்தக் கதவுக்குக் கீல் பின்பக்கம். அதாவது, ஓடும்போது ஒரு விரல்கடை திறந்தால் போதும், மிச்சத்தைக் காற்றே பிடித்து விரித்துவிடும். இது சித்தப்பாவுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஏறும்போது அக்கா கேட்டார். "தம்பி, இந்தக் கதவு சரியா இருக்கா?"

"இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லக்கா."

அப்படித்தான் சொன்னார்.

திரும்பி வருகிற வழியில், ஏழாவது வளைவில், அக்கா காரில் இல்லை.

பின்னால் வந்த வேனில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டரும் ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் வழியிலேயே போய்விட்டது. டாக்டர் சித்தப்பாவுக்குப் போன் செய்து, "கார் நடுரோட்டுல நிக்குது, போய் எடுத்துருங்க" என்று மட்டும் சொன்னார்.

சித்தப்பா போனபோது அங்கே யாரும் இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. தகடு ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. தீக்குச்சிகள் பாதி வெளியே... அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். டின் துண்டை உருவினார். குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். பெட்டியிலிருந்து நீளத் திருகுகளை எடுத்து, உளுத்த இடத்தைத் தாண்டி உள்ளே இறுக்கினார். பத்து நிமிட வேலை. போலீஸ் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தது. நன்றாக மூடியது. உள்ளிருந்து திறக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனது.

அடக்கம் முடிந்த அன்று டாக்டர் சித்தப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குக் காலையில ஒரு சண்டை. கோவத்துல, நீ எனக்குப் பாரம்னு சொல்லிட்டேன் மெக்கானிக். வழி பூரா ஒரு வார்த்தை பேசல. அதான்... குதிச்சிட்டா."

சித்தப்பாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதை முழுங்கிவிட்டு, "மனசைத் தேத்திக்குங்க டாக்டர்" என்றார்.

பதினோரு வருடம் அந்த மனிதர் அதை நம்பிக்கொண்டே இருந்தார். கிளினிக்கை மூடிவிட்டார். சித்தப்பா வழியில் அவரைப் பார்த்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார். ராத்திரியில் எழுந்து விரல் நுனிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார், பசை ஒட்டியிருக்கிறதா என்று. சித்தி கேட்டால், "கிரீஸ் போகல" என்பார்.

அப்புறம்தான் அந்த மாலை. டாக்டர் காரை யாரோ ஒரு சேகரிப்பாளருக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். "என் கண் முன்னாடி நிக்க வேண்டாம், கொண்டு போயிருங்க" என்று சாவியைக் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்ல சித்தப்பாவிடம் காரணம் இல்லை. இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது.

நான்காவது வளைவு வரை ஒன்றும் இல்லை. இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

ஐந்தாவது வளைவில் ஒரு வாசனை. பெட்ரோல் இல்லை, பழைய தோல் சீட் இல்லை... கிராம்புத் தைலம். லேசாக, பக்கத்தில் யாரோ கையை நீட்டின மாதிரி.

ஆறாவது வளைவில் பின்சீட்டு ஸ்பிரிங் முனகியது. வண்டி வலது பக்கம் திரும்பும்போது உள்ளே இருக்கிறவர் இடது பக்கம் சாய்வார் இல்லையா... அப்படி ஒரு முனகல்.

சித்தப்பா கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஏழாவது வளைவு. 'டக்'. காதருகே காற்று 'உஸ்ஸ்' என்று உள்ளே வந்தது. பிரேக்கை மிதித்துவிட்டார். இறங்கிப் பின்னால் போனார். கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தது. நீளத் திருகுகள் நான்கும் கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் படிப்பலகை மேல் கிடந்தன. தூணில் தகடு இல்லை. வெறும் ஓட்டைகள் நான்கு... இல்லை, வெறும் ஓட்டைகள் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சி. பசை காயவில்லை. விரலில் ஒட்டியது.

அவர் தன் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் தூணோடு சேர்த்துக் கட்டினார். மூன்று தடவை முடிச்சு நழுவியது. ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பப் போனபோது பின்னால் இருந்து, அவசரமே இல்லாமல், ஒரு குரல்.

"தம்பி, இந்தக் கதவு சரியா இருக்கா?"

 ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாராம்.

"இல்லக்கா... சரியா இல்லக்கா. அன்னைக்கும் சரியா இல்ல."

பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. வாசனை மட்டும் இருந்தது. அவர் வண்டியைத் திருப்பினார். முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில், டாக்டர் வீடு வரைக்கும் மலை ஏறினார்.

டாக்டர் வாசலில் நின்றே கேட்டார். டின் துண்டு, தீக்குச்சி, எறிந்தது, இறுக்கியது, எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ அவ குதிக்கலையா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

"குதிக்கலையா?"

"இல்ல."

"கதவா?"

"நான்தான் டாக்டர்."

அடிப்பார் என்று சித்தப்பா நின்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். பிறகு, "சாவியை வெச்சிட்டுப் போங்க" என்றார். காரை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் சித்தப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே இருந்தவர் முழுசாகக் கேட்டார். "பதினோரு வருஷத்து ஃபைல் எங்க இருக்குன்னே தெரியாது. வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்றார். தண்டனை கொடுக்கவும் ஆள் இல்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டர் அனுமதி கொடுத்தார். சித்தப்பா உளுத்த தூணை எடுத்துவிட்டு, புது மரம் இழைத்துப் பொருத்தினார். கொண்டியைக் கடையில் வாங்கவில்லை, தேய்ந்து போன பழையதை அளவு வைத்துத் தானே அடித்து, அராவி, செய்தார். சரியாக மூன்று வாரம். வேலை முடிந்த அன்று நூறு தடவை திறந்து மூடினார். நூறு தடவையும் ஒரே மாதிரி மூடியது.

பத்து நாளில் டாக்டர் போன் செய்தார். "மெக்கானிக், அந்தக் கதவு திறக்க மாட்டேங்குது."

விடிகிற நேரம். நல்ல பனி. சித்தப்பா தனியாகப் போகப் பயந்து என் நண்பனைக் கூட்டிக்கொண்டு போனார். பானட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். கண்ணாடியெல்லாம் பனி படர்ந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பா பக்கத்திலேயே போகவில்லை. "நீ இழுத்துப் பாரு" என்றார்.

நண்பன் கைப்பிடியைப் பிடித்தான். வெறும் இரும்பு... ஆனால் கதகதவென்று இருந்ததாம், இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி. இழுத்தான்.

உள்ளேயிருந்து, மெதுவாக, யாரோ திரும்ப இழுத்தார்கள்.