ஊர் ஆற்றின் பெயர்

பரமட்டா பக்கம் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு இலங்கைத் தமிழர்கள் இருந்தார்கள். ஒருவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“போன முறை விசா இன்டர்வியூவில ஊர் ஆத்தின்ர பேர் கேட்டவங்கள். ஆறு எண்டு சொன்னனான். என்னைப் பொய்க்காரன் எண்டு நினைச்சிட்டாங்கள், மச்சான்.”

“மடையா, ஏதாவதொரு பேரை விட்டிருக்கலாமே.”

“நாங்கள் ஆறெண்டுதானே சொல்லுறது.”

நண்பர் போனில் தேடினார். “இஞ்ச பார். இங்கிலாந்தில ஏவன் எண்டொரு ஆறு. அங்கத்தைப் பழைய பாஷையில ஏவன் எண்டால் ஆறுதானாம். ரஷ்யாவில டொன் எண்ட ஆத்துக்கும் அதுதான் கருத்தாம்.”

“அந்த ஆறுகளிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லையே. இண்டைக்குப் பரமட்டா இன்டர்வியூவிலயும் கேட்டால் என்ன சொல்ல?”

“ஆறெண்டே சொல்லு. ஏவனையும் சொல்லு.”

“நீ வந்து சொல்லன்.”

“எனக்கு அங்கால பிளாக்டவுனில வேலையடா.”

பரமட்டாவில் கதவு திறந்தது. காலை ஆட்டியவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். நண்பர் அவர் கையைப் பிடித்து எழுப்பி, தானும் கூடவே இறங்கினார்.