ஒரு தாள் கனம்

இல்ல இல்ல, அப்படிப் புடிச்சு இழுக்காதீங்க, நகம் பேந்து போயிடும். உங்க தொழிலுக்கு நகந்தானே பாதி ஆயுதம். குடுங்க இப்படி. ம்... இறுகித்தான் கெடக்கு. போன தடவையைவிட மோசம். சரி, உள்ள வாங்க, எப்பப் பாரு வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுறீங்க. பாத்து, அந்த அட்டைப்பெட்டியைச் சுத்தி வாங்க, அதுல கண்ணாடிச் சாமான். இந்தப் பெட்டி பூரா புத்தகம், இது மேல உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. நாற்காலியெல்லாம் எங்க அக்கா கயிறு போட்டுக் கட்டிட்டா.

எதுக்கா? உங்களுக்குச் சொல்லவே இல்ல இல்ல. நான் வேலை பாக்குற பல் செட்டு செய்யிற லேப்புல புதுசா ஒரு கிளை தொறக்குறாங்க. சாயங்காலம் ரயில் ஏறினா மறுநாள் காலையில போய் எறங்குற தூரம். அங்க இருக்குற மெஷின் எல்லாம் புதுசாம், அதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமாம், நீதாம்மா போகணும்னு முதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நாளைக்குக் காலையில நான் வரேனா இல்லையான்னு சொல்லியாகணும். நான் இன்னும் வாயே தொறக்கல. ஆனா எங்க அக்கா இருக்காளே, அவ முடிவே பண்ணிட்டா. ரெண்டு பேருந்தானே இந்த வீட்டுல, நான் போனா அவளும் வரணும். அடுப்படியில உருட்டுற சத்தம் கேக்குதா? தட்டு டம்ளரையெல்லாம் பேப்பர்ல சுத்திக்கிட்டு இருக்கா.

ஏன், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? தண்ணி தரட்டுமா? சரி, வேணாம்னா விடுங்க.

இருங்க, மெஷின் ஒரு வேலையில இருக்கு, அது முடியட்டும். நான் கத்திப் பேசுறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க, இது ஓடும்போது இப்படித்தான் பேசணும். எங்கிட்ட மூணு பெட்டி வாங்கியிருக்கீங்க, ஒரு தடவைகூட இது ஓடிப் பாத்ததில்ல இல்ல? கிட்ட வாங்க. மேல தொங்குதே, அதுதான் ரூட்டர். அதுக்கு அடியில விரல் நீளத்துக்கு ஒண்ணு சுத்துது பாருங்க, அதைப் பிட்டுன்னு சொல்லுவோம், அதுதான் மரத்தைக் கொடையும். கம்ப்யூட்டர்ல நான் படம் போட்டுக் குடுத்துடுவேன், அது பாட்டுக்கு அந்த வழியிலயே போயிட்டு வரும். மரமெல்லாம் மேசை நாற்காலி செய்யிற கடையில மிச்சம் விழுற துண்டு. பகல் பூரா ஊரார் வாய்க்குப் பல்லு, சாயங்காலம் ஆனா பெட்டி. அங்கயும் கொடையிறதுதான், இங்கயும் கொடையிறதுதான். ஒரே ஒரு நிம்மதி, பெட்டியை யாரும் கடிச்சுப் பாத்துட்டு ஒரு பக்கம் இடிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க.

வாங்கின புதுசுல என்ன கூத்து தெரியுமா? மரத்தோட மேல்மட்டம் எங்க இருக்குன்னு முதல்ல இதுக்குக் காட்டிக் குடுக்கணும். நான் மறந்தே போயிட்டேன். இது மரத்தைத் தாண்டி, கீழ போட்டிருந்த பலகையைத் தாண்டி, எங்க அக்காவோட சாப்பாட்டு மேசைக்குள்ள எறங்கிடுச்சு. நான் பட்டனைத் தேடுறதுக்குள்ள அந்தப் பக்கம் வெளிய வந்துடுச்சு. அந்த ஓட்டை மேல அக்கா ஒரு உப்பு டப்பாவை வச்சு மூடினா பாருங்க, இன்னிக்கு வரைக்கும் அது அங்கதான். வீட்டுக்கு வந்தவங்க யாராவது உப்பு எடுக்கக் கை நீட்டினா அவளுக்குப் பதறும்.

மெஷினைத் திட்டி என்ன பண்றது? இது சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. எனக்கு ஒரு வீட்டுக்காரர் இருந்தாரு, அவர் இதுக்கு நேர் எதிர். அதெல்லாம் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு, சிரிங்க, பரவாயில்ல, எனக்கே இப்ப சிரிப்புதான் வருது.

ஆ, நின்னுடுச்சு. என்ன அமைதி பாருங்க. தலையில தூசி இருக்கு, தட்டிக்கோங்க. இல்ல, இந்தப் பக்கம். ம், போயிடுச்சு.

இப்ப உங்க பெட்டிக்கு வருவோம். உள்ள கஸ்டமரோட வாட்சு இருக்குன்னீங்க, அவசரம்னீங்க, அவங்க கடையில காத்துக்கிட்டு இருக்காங்கன்னீங்க. ஆட்டிப் பாக்க மாட்டேன், பயப்படாதீங்க. தலைக்குக் காத்தடிக்கிற டிரையர் இருக்கு, அதை மெதுவாக் காட்டுவோம். ஈரத்துல உப்பியிருந்தா காஞ்சதும் தன்னால விட்டுக் குடுக்கும். மழையா? ம்ம். மழையாத்தான் இருக்கும். மரம் காத்துல இருக்குற ஈரத்தையெல்லாம் குடிச்சிட்டு அசையாம உக்காந்துக்கும். முதல் பெட்டி இறுகினப்பவும் நான் உங்ககிட்ட இதைத்தானே சொன்னேன்.

மூடிங்கிறது ஒரு தாள் கனத்து விஷயம். பேப்பர் தாள், அவ்வளவுதான். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவுல சுத்திவர ஒரு தாள் கனம் இடம் விட்டோம்னா மூடி சுகமா எறங்கி உக்காரும், தொறக்கும்போது பொக்குனு ஒரு சத்தம் குடுக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்த வேலையே பண்றேன். ரெண்டு தாள் விட்டீங்கன்னா லொடலொடன்னு ஆடும். தாளே இல்லன்னா போச்சு, கட்டிப் புடிச்சுக்கும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கா, என் கைக்கடிகாரத்தை ரிப்பேருக்குக் குடுத்துட்டு வாங்க வந்தேன், நீங்க அதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு நீட்டினீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச வேலையைக் காய்கறி மாதிரி குடுக்குறாரேன்னு. அப்பத்தான் நான் பெட்டி செய்வேன்னு சொன்னேன். மறுநாளே வந்து நின்னீங்க. மத்தவங்க எல்லாரும் பெட்டியைக் கையில வாங்கினதும் முதல்ல ஒண்ணு கேப்பாங்க, உள்பக்கம் மூலை ஏன் வளைஞ்சு இருக்குன்னு. பிட்டு சுத்துற சாமான், அதால சதுர மூலை வெட்ட முடியாதுன்னு நானும் ஒவ்வொருத்தருக்கா பாடம் எடுப்பேன். நீங்க ஒருத்தர்தான் விரலை உள்ள விட்டுத் தடவிப் பாத்துட்டு, நல்லதுதான், என் சாமானும் வட்டந்தானேன்னீங்க. அதோட போயிட்டீங்க. எனக்கு அன்னைக்குப் பூரா வேலையே ஓடல.

அசையுதா? இல்ல, அசையல. டிரையர் சூட்டுக்கு இந்நேரம் கொஞ்சமாவது இளகியிருக்கணுமே.

இருங்க. இது என்ன வாசனை?

இல்லைங்க, வார்னிஷ் இல்ல. நான் போடுற வார்னிஷ் வாசனை எனக்குத் தெரியாதா. இது பசை. என் பசையும் இல்ல, என்னுது வெள்ளைப் பசை, அதுக்கு வாசனையே கிடையாது. உங்க கடை மேசை மேல ஒரு குட்டி டியூப் இருக்கும், வாட்சுக் கண்ணாடி ஒட்டுறதுக்கு, உள்ள நுழைஞ்சதும் மூக்குல ஏறும்... அட, விளிம்பைப் பாருங்களேன். சுத்திவர ஒரே சீரா, ஒரு சொட்டு வெளிய வழியாம. யாரோ கை தேர்ந்த ஆளு வேலை. யாரா இருக்கும்?

தெரியாதா? சரி, தெரியாதுன்னே வச்சுக்குவோம். அந்தச் சின்னக் கத்தியை எடுங்க. நீங்களே தொறக்குறீங்களா? வாட்சோட பின்மூடியை ஒரு கீறல் விழாமத் தொறக்குற மனுஷன், மரமூடி தொறக்க முடியலன்னு ரெண்டு தெரு நடந்து வரீங்க. வேணாம், குடுங்க, நானே பண்றேன். இப்படி ஒரு பக்கம்... இந்தப் பக்கமும் கொஞ்சம்...

கேட்டீங்களா? பொக்!

எங்க வாட்சு?

இல்ல, உண்மையிலயே கேக்குறேன், எங்க? ஒண்ணையும் காணோமே. அந்தக் கஸ்டமர் பாவம், இல்லாத வாட்சுக்காக உங்க கடையில காத்துக்கிட்டு இருக்காங்களே... ஐயோ, என்னால முடியல, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல. செருப்பைத் தேடாதீங்க, அதை எங்க அக்கா எப்பவோ எடுத்து உள்ள வச்சிருப்பா. பாருங்க, அடுப்படிச் சத்தமும் நின்னுபோச்சு. காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. அக்கா, நீ உன் வேலையைப் பாரு!

ரெண்டாவது பெட்டிக்கே எனக்குத் தெரியும். மழைன்னீங்க. உங்க கடை மேசை டிராயருக்குள்ள இருந்த பெட்டி அடிப்பக்கம் வரைக்கும் ஊறி, வாளித் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி வந்துச்சு. அந்த மழை எந்த வழியா டிராயருக்குள்ள போச்சு? நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல. நாலு நாள் நிழல்ல காய வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, துடைச்சுக் குடுத்தேன். நாலு நாளும் பாட்டுப் பாடிக்கிட்டே தேச்சேன்னு எங்க அக்கா சொல்லிக் காட்டுவா.

கோவமா? எனக்கா? நான் கோவப்பட்டா உங்களுக்கு இதையெல்லாம் உக்கார வச்சுச் சொல்லிக்கிட்டு இருப்பேனா? எனக்கு நாப்பத்தேழு வயசு ஆகுது. வாசல் மணி அடிச்சா அது உங்க பெட்டியா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே ஓடிப் போய்த் தொறக்குறேன். போன வாரம் கேஸ் சிலிண்டர் போடுறவர் நின்னாரு, எனக்கு அவர் மேல ஒரு கோவம் வந்துச்சு பாருங்க, அந்த ஆள் என்ன தப்புப் பண்ணாரு? அவர் என்னமோ ஏதோன்னு பயந்துபோய் சிலிண்டரைத் தானே அடுப்படி வரைக்கும் தூக்கிட்டுப் போய் மாட்டிட்டும் போனாரு.

அந்தப் புது வேலை நல்ல வேலைதாங்க. அதைக் குறை சொல்ல மாட்டேன். போனா நல்லாத்தான் இருப்பேன், நாலு பேரு எனக்குக் கீழ இருப்பாங்க. ஆனா எனக்குப் போக மனசு இல்ல. இதை எங்க அக்காகிட்டகூட நான் சொல்லல, இப்பத்தான் முதல் தடவையா வாய்விட்டுச் சொல்றேன், சுவத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்கும் சேத்து. மனசு இல்லன்னா ஏன்னு கேப்பாங்க இல்ல? முதலாளிகிட்டப் போய் நான் என்ன சொல்லட்டும்? பக்கத்துல கடிகாரக் கடை வச்சிருக்குற ஒருத்தர் அப்பப்போ மூடி தொறக்கலன்னு வருவாரு, அவருக்குத் தொறந்து குடுக்க வேற ஆள் இல்லன்னா?

நீங்க பசை போட்டு ஒட்டினதைப் பத்தி ரொம்பக் கூனிக் குறுகாதீங்க. வேற யார்கிட்டயாவது போய்ச் சொல்லுங்க, அவங்க சிரிப்பாங்க. நான் உங்களைப் பாத்துச் சிரிக்க முடியாது. ஏன்னா அந்த முதல் பெட்டி இறுகிப்போச்சுன்னு கொண்டு வந்தீங்களே, அந்த மாசம் பூரா மழையே இல்ல, வெயில் மண்டையைப் பொளந்துச்சு. மரமும் உப்பல, ஒண்ணும் உப்பல. மூடிக்குப் படம் போடும்போது நாந்தான் அந்த ஒரு தாளை எடுத்துட்டேன். இந்த மனுஷன் பெட்டியை வாங்கிட்டுப் போனா அப்புறம் எதுக்கு வரப்போறாருன்னு தோணுச்சு, எடுத்துட்டேன். மெஷினும் சொன்னதைச் செஞ்சுடுச்சு.

என்ன அப்படிப் பாக்குறீங்க? நல்லாச் சிரிங்க, அடக்காதீங்க, கண்ணுல தண்ணி வருது பாருங்க. எனக்குந்தான். சரி, போதும், இப்ப விஷயத்துக்கு வாங்க. நாளைக்கு முதலாளி முன்னாடி போய் நிக்கப்போறது நான். அங்க நான் வரேன்னு சொல்லட்டுமா, வரலைன்னு சொல்லட்டுமா?

இப்படி மண்டையை மண்டையை ஆட்டினா எனக்குப் பத்தாதுங்க. வாயைத் தொறந்து சொல்லுங்க.