அண்ணனின் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஓடுவதற்கு வாங்கும் காலணி அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அண்ணனுக்கும் தெரியாது. நான்தான் கடைக்கு அழைத்துப் போனேன்.

அண்ணன் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்தாறு. வகுப்பறைக்குள் முதலில் வயிறு நுழையும், பிறகு அவர். திடீரென்று ஒருநாள் மாரத்தான் ஓடப்போகிறேன் என்றார். வீடே சிரித்தது. முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாம் மாதம் பூங்காவை ஐந்து சுற்று வந்தார். ஐந்தாம் மாதம் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட என் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் கொடுத்தாள் என் மனைவி.

"உங்க அண்ணனைப் பாருங்க" என்றாள் என்னிடம்.

எங்கள் அம்மா முப்பது வருடம் சொன்ன வாக்கியம் அது. அம்மாவோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். நல்லவேளை, வாரிசு கிடைத்துவிட்டது.

நான் ஒரு மருத்துவமனையில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். போட்டிக்கு உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று அண்ணன் அங்கே வந்து பரிசோதனை செய்துகொண்டார். மறுநாள் டாக்டர் அறிக்கையோடு என் மேசைக்கே வந்தார்.

"இதயத் தசை தடிச்சிருக்கு. ஓட்டமே கூடாது. உங்க அண்ணன்தானே, நீங்களே பக்குவமாச் சொல்லி இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

பக்குவமாகத்தான் நடந்துகொண்டேன். அறிக்கையைப் பழைய கோப்புகளின் அடியில் வைத்தேன். டாக்டர் கேட்டபோது, அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்கிறார் என்றேன். சான்றிதழில் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் என் கைவேலை. முத்திரை எவ்வளவு நேராக விழுந்திருக்கிறது என்று நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

அதன்பின் அவருக்கு என்னைப்போல் துணை கிடையாது. விடியற்காலையில் சைக்கிளில் கூடவே போனேன். "மாடி ஏறினா நெஞ்சு லேசா இறுக்குதுடா" என்றார் ஒருமுறை. "கேஸ் ட்ரபிள்தாண்ணே" என்றேன். மருத்துவமனையில் வேலை பார்க்கிற தம்பி சொன்னால் நம்பாமல் இருப்பாரா?

போட்டியன்று முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர்ப் புட்டியோடு நின்றேன். ஓடிவந்த அண்ணனின் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"போதும்டா. முடியல. இங்கேயே நின்னுடறேன்."

"இன்னும் நாலுதாண்ணே. அண்ணி அங்க காத்துட்டு நிக்கிறாங்க. இப்ப நின்னா ஊரே சிரிக்கும்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ இல்லேன்னா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன்டா" என்றார். பிறகு ஓடினார்.

முழுதாக ஓடி முடித்தார். முடிவுக் கோட்டைத் தாண்டி ஆறு அடி வைத்தார். அண்ணி நீட்டிய கைக்கு எட்டாமல் விழுந்தார்.

டாக்டர் சொன்னது எல்லாம் உண்மை. அந்த அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டுதான் ஒளித்தேன். ஓடினால் செத்துப்போவார் என்று தெரிந்தே ஓட வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அவரால் முடியும் என்று எங்கள் குடும்பத்தில் கடைசிவரை நம்பியவன் நான் ஒருவன்தான்.