மஸ்கட் வரை போகும் விமானம்

காலையில் எண்ணூரிலிருந்து வந்த மின்சார ரயிலில், என் எதிரே இரண்டு டிரெய்லர் ஓட்டுநர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மஸ்கட் வரைக்கும் போற ப்ளேன் ஒண்ணு வாங்கணும், மாமு."

"வாங்கி? மொட்ட மாடில நிறுத்துவியா?"

"கம்ப்யூட்டர் கேமுக்குப்பா. அதுல குடுத்த குட்டி ப்ளேன் அவ்ளோ தூரம் தாங்காது. வேற ப்ளேன் தனியா வாங்கிப் போட்டுக்கணும்."

நண்பர் அவருடைய போனை வாங்கி, விற்பனைக்கு இருந்த விமானங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இந்தப் போர் விமானம் ஷோக்கா கீதே?"

"அதுல ஒரே சீட்டு. என் பொண்டாட்டி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போச்சே, அது ஏறிப் போன மாதிரி பெரிய ப்ளேன்தான் வேணும். ஞாயித்துக்கிழம நாலு மணி நேரம் ஓட்டினா போய்டலாம்."

"போய் இன்னா பண்ணுவே?"

"எறக்கி ஓரமா நிறுத்துவேன். ஹார்பர் கேட்டாண்ட லைன்ல நிக்கிற மாதிரி, எஞ்சின ஆஃப் பண்ணாம உக்காந்துகினு இருப்பேன். பொண்டாட்டிக்குத் திடீர்னு லீவு குடுத்துட்டா?"