மஞ்சள் கோடு நேராக இருந்தது

ரேஸ் இல்லாத நான்கு மாதமும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, ஐயா. கை சும்மா இருக்காது. மின்விசிறியைக் கழற்றி மாட்டுவேன், குழாயைக் கழற்றி மாட்டுவேன். "இந்த வீட்ல நீங்க இன்னும் கழட்டாதது நான் ஒருத்திதான்" என்பாள் என் மனைவி.

விபத்தைப் பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்காகத்தான் வந்தேன். பத்தொன்பது வருடமாக இந்த அணியில் சக்கரம் மாட்டுகிறேன். குனிந்து குனிந்து முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் கவனக்குறைவாக ஒரு நட்டுகூடப் போட்டதில்லை.

தேசியப் போட்டி என்றால் வருடத்துக்கு எட்டு ரேஸ். எட்டிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை. எங்கள் முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவைத்திருந்தார்: "கப் ஒரு தடவை கைக்கு வந்துடட்டும். அன்னைக்கே காரை வித்துட்டு நிம்மதியா படுத்துக்குவேன்." எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. அவர் சொன்னால் செய்பவர்.

அதனால், நாங்கள் நன்றாக ஓடிய வருடங்களில் சின்னதாக ஏதாவது செய்வேன். டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒரு தடவை பெட்ரோல் குழாயின் பிடிப்பு லேசாகக் கசிந்தது. இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று வந்தோம். யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அடுத்த வருடமும் ரேஸ் இருந்தது.

இந்த வருடம் சுருட்டை என்கிற பையன் காரை ஓட்ட வந்தான். தலைமுடியால் வந்த பெயர். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். காற்றைக் கூட்டிவைத்தாலும் ஜெயித்தான். கடைசி ரேஸுக்கு முன் பதினோரு புள்ளி முன்னிலை. ஆறாவதாக வந்தாலே கோப்பை.

கையுறையை மாட்டிக்கொண்டே, "மாமா, இன்னைக்குத் தூங்கிக்கிட்டே ஓட்டலாம்" என்றான்.

"வாயை மூடிட்டு பெல்ட்டைப் போடுடா."

"கப்பை முதல்ல உங்க கையிலதான் கொடுப்பேன். அழக்கூடாது, சொல்லிட்டேன்."

எங்கள் வழக்கம் இது. சக்கரத்துக்கு நடுவில் ஒரே பெரிய நட்டு. அதை முறுக்கியதும், நட்டுக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று பொருள். தலைமை மெக்கானிக் கோட்டைத்தான் பார்ப்பார், நட்டைத் தொடமாட்டார். இடது முன்சக்கரத்தில் நான் நட்டை முறுக்கினேன், பிறகு அரைத் திருகு தளர்த்தினேன், அதற்குப் பிறகு கோடு இழுத்தேன். கோடு நேராக இருந்தது.

ஒன்பதாவது சுற்றில், மெதுவாகப் போகும் வளைவில் கழலும் என்று கணித்திருந்தேன். ஏழாவது சுற்றிலேயே, நேர்ப்பாதையின் முடிவில் கழன்றது. அவன் அவ்வளவு வேகம் போயிருக்க வேண்டியதில்லை. தூங்கிக்கொண்டே ஓட்டலாம் என்று அவனே சொன்னான்.

சுவரில் மோதிய காரிலிருந்து அவனை எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கதவை அறுக்கும்போது நானும்தான் பிடித்துக்கொண்டேன். உயிர் இல்லை.

அடக்கம் முடிந்ததும் முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "காரை விக்கமாட்டேன்யா. அவன் பேர்ல கப் வாங்குற வரைக்கும் ஓட்டியே தீருவேன்" என்றார்.

ஆகவே கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் என்று பெயர் வந்தால், அடுத்த வருடம் சக்கரத்தை என் கையில் தரமாட்டார்கள். புது டிரைவர் வரும் திங்கட்கிழமை வருகிறான். பார்த்தவர்கள் எல்லோரும் ரொம்ப வேகம் என்கிறார்கள். அதுதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.