ஆட்டத்துக்குப் பேர் கொடுத்தவர்கள்

நாற்பத்திரண்டு வயதில் முழங்கால் மடங்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவது சின்ன விஷயமில்லை, ஐயா. உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். தினமும் முயன்று பாருங்கள், மூன்று மாதத்தில் வந்துவிடும்.

என் பெயர் சிவசம்பு. யாழ்ப்பாணத்துக்காரன். மலாயாவுக்கு வந்து, குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் பதினெட்டு வருடமாக ஆபீஸ் கிராணி. உட்கார்ந்து எழுதி எழுதி முதுகு பலகையாகிவிட்டது. வெள்ளைக்காரன் இருந்தவரை அதனால் தொந்தரவில்லை. ஜப்பான்காரன் வந்த பிறகு, ஸ்டேஷன் வாசலில் நிற்கிற சிப்பாய்க்கு இடுப்பை மடித்து வணங்கவேண்டி வந்தது. என் இடுப்பு மடியவில்லை. திமிர் என்று நினைத்துக் கன்னத்தில் இரண்டு வைத்தான். சந்தைக்கு வந்த சனமெல்லாம் பார்த்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் சதாசிவம் ஆட்டம் சொல்லித்தருவதாகக் கேள்விப்பட்டேன். நாடகக் கம்பெனியோடு வந்தவர். சண்டையில் கம்பெனி கலைந்துபோக, எங்கள் தோட்டத்திலேயே பால் எடுக்க மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். இருபத்தாறு வயதுதான், ஆனாலும் எல்லோருக்கும் வாத்தியார். மாலையில் காலிக் கொட்டகையில் வகுப்பு. ஒன்பது பேர் படித்தார்கள், எல்லாம் கல்யாணமான ஆம்பிளைகள். பத்தாவதாக நான் போய் நின்றேன்.

"முட்டிய மடக்காதீங்க, கிராணி ஐயா. மூச்ச விட்டுக்கிட்டே குனிங்க."

"ஏலாது, வாத்தியார்."

"ஏலும்லா."

கூடப் படித்த ஐயாசாமி என் முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்துவான். நல்ல மனுசன். அவன் பெண்சாதி ராசம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அலமாக், கிராணி ஐயா பழைய கதவு மாதிரி கிறீச்சுங்கிறாரு" என்பாள். கொட்டகையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத்தான் ஆடினோம். ஆனாலும் என் வாழ்நாளில் அவ்வளவு குஷியாக நான் இருந்ததில்லை.

யார் யார் வருகிறார்கள் என்று தெரிய வாத்தியார் பேர் எழுதச் சொன்னார். எழுதுவது என் தொழில். "ஆட்டத்துக்குப் பேர் குடுங்க" என்றேன். போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். இங்கே ஒன்றை விளக்கவேண்டும். தோட்டத்துப் பதிவேட்டில் இருப்பது கப்பல் ஏறும்போது எவனோ எழுதிய பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவனும் திரும்பமாட்டான். ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு முதல் தடவை ஆள் கேட்டபோது பதிவேட்டை வைத்துத்தான் கூப்பிட்டேன். ஒரு ஆளும் வரவில்லை. அதற்கும் எனக்குத்தான் அறை விழுந்தது. என் ஆட்டக் குறிப்பேட்டிலோ கூப்பிட்டால் வருகிற பெயர்கள் இருந்தன, வீட்டு நம்பரோடு.

இரண்டாவது தடவை ஜப்பான் அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக்குள் பத்துப் பேர். ஒன்று குறைந்தால் அந்த ஒன்று நான்.

வாத்தியாரையும் சேர்த்துக் கொட்டகையில் பதினோரு பேர். என்னை விட்டால் சரியாகப் பத்து. யாரோ எனக்காகவே ஏற்பாடு செய்து வைத்ததுபோல் இருந்தது.

ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குக் குளுவாங்கில் ஆட்டம், லாரி வருகிறது என்று சொன்னேன். அன்று அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். காலையிலேயே குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சலங்கையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். குறிப்பேட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஒவ்வொருவனும் "இருக்கேன்" என்று சொல்லித் தாவி ஏறினான். மூன்று மாதப் பயிற்சி, லாரியின் பின்பலகை அவர்களுக்கு ஒரு உயரமே இல்லை.

"நீங்க ஏறலியா, கிராணி ஐயா?" என்று ஐயாசாமி கேட்டான்.

"நான் பின்னால வாறன்" என்றேன்.

உடம்பு வளைகிற ஆட்கள், சயாமிலும் தாங்கிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் திரும்பவில்லை என்பது எனக்கும் வருத்தம்தான். அவர்கள் போனபின் கொட்டகையில் வகுப்பே நடக்கவில்லை.

சயாமுக்கு ஆள் பேர் கொடுத்தவன் நான் என்று ராசம்மா உங்கள் விசாரணையில் சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பேர் கொடுத்தது அவர்கள். லாரி சயாமுக்கு என்று தெரிந்தே நான் வாசித்தேன், அவ்வளவுதான்.

லாரி கிளம்பும்போது அதிகாரிக்கு வணங்கினேன். இடுப்பு வெண்ணெயாக மடிந்தது, நெற்றி முழங்காலைத் தொட்டது. அவர் அடிக்கவில்லை. லாரியிலிருந்து வாத்தியார் எட்டிப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "சபாஷ், கிராணி ஐயா. முட்டி மடங்கவே இல்ல" என்றார்.

அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.